முதலைக்குப் பச்சை, கொக்குக்கு நாணம்

காட்பாடியிலிருந்து கரிகிரி போகும் வழியில், ஓட்டுக் கொட்டகை ஒன்றில் வண்ணப் பீங்கான் பொம்மைகளும் கெண்டிகளும் செய்கிற பெண்மணி, வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார். கோட்டை அகழி முதலை, இலவம்பாடி முள் கத்திரிக்காய், தலைகீழாகத் தொங்கும் கிளி என்று அவர் கையில் உருவாவதெல்லாம் வேலூர்ச் சரக்கு.

கேள்வி: அம்மா, மண்பானை வாங்கி அக்ரிலிக் வண்ணம் தீட்டி, மேலே வார்னிஷ் அடித்து விற்கிறேன். பார்ப்பதற்கு உங்கள் பொருட்களைப் போலவே பளபளக்கிறது. நீங்கள் ஏன் இரண்டு முறை சூளை வைத்துச் சிரமப்படுகிறீர்கள்?
– இல்லத்தரசி, குடியாத்தம்

பதில்: விற்கிறது என்றால் நிறுத்தாதீர்கள் அம்மா. கூடத்து மூலையில் அழகுக்கு நிற்கும் பானைக்கு அக்ரிலிக் போதும். ஆனால் அது பானையின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தோல். மொட்டை மாடியில் ஒரு கத்திரி வெயிலைக் காட்டுங்கள், பிறகு ஒரு ஐப்பசி மழையில் நனையவிடுங்கள். பானை உள்ளே குடித்த தண்ணீர் வெளியே வரும்போது அந்தத் தோலைக் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

நான் பூசுவது கண்ணாடி. கல்லைத் தூளாக்கி, நீரில் குழைத்துப் பூசி, சூளையில் உருக்கி மண்ணோடு ஒன்றாக்குகிற கண்ணாடி. கிளேஸ் என்பது அதைத்தான். அதற்கு அடிப்படை சிலிக்கா. அது தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் பொம்மையும் நிற்காது, என் சூளையும் நிற்காது. ஆகவே ஃபெல்ட்ஸ்பார் என்னும் கல்தூள், போரான், சுண்ணாம்பு என்று சேர்த்து உருகுநிலையைக் கீழே இறக்குகிறோம். உருகியது வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்த வெண்களிமண் சேர்க்கிறோம்; அதிலுள்ள அலுமினாவுக்கு அந்தக் குணம் உண்டு. முதல் முறை 1,000 டிகிரிக்குச் சற்றுக் கீழே சுட்டால் பொம்மை கெட்டிப்படும், ஆனால் தண்ணீரை உறிஞ்சும். அப்படி உறிஞ்சினால்தான் கிளேஸ் குழம்பில் முக்கியெடுக்கும்போது மாவு சீராகப் பிடிக்கும். இரண்டாவது முறை 1,220 வரை போகிறேன். கண்ணாடி உருகுவது அப்போதுதான்.

கொட்டகைக்கு வருகிறவர்கள் வாளிகளை எட்டிப் பார்த்து ஏமாந்து போவார்கள். எல்லாம் அழுக்குச் சாம்பலும் மங்கிய இளஞ்சிவப்புமாக இருக்கும். கோபால்ட் கார்பனேட் கத்திரிப்பூ நிறம், சுட்டால் அடர்நீலம். மாங்கனீஸ் டை ஆக்சைடு கன்னங்கரேல் என்றிருக்கும்; சுட்டால் ஊதாவும் பழுப்பும் கலந்து வரும். இரும்பு ஆக்சைடு செங்கல் பொடி நிறம். அளவைப் பொறுத்துத் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை போகும். கோபால்ட் நூற்றுக்கு அரைப் பங்கு போதும். இரும்பு எட்டு, பத்து என்று தாங்கும். பூசும்போது கண்ணில் படும் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. தராசை நம்பித்தான் பூச வேண்டும். கலைஞர் என்று அழைப்பிதழில் போடுகிறார்கள். வாரத்தில் பாதி நாள் நான் மளிகைக் கடைக்காரியைப் போல நிறுத்துக்கொண்டும் பொட்டலம் கட்டிக்கொண்டும்தான் இருக்கிறேன்.

கேள்வி: கண்காட்சியில் உங்கள் முதலையும் கொக்கும் பார்த்தேன். வெள்ளைக் கொக்கின் ஒரு கன்னம் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. தூரிகையால் தீட்டியது போலவும் தெரியவில்லை. என்ன செய்தீர்கள்? இன்னொன்று, உங்கள் பொம்மைகளில் நல்ல ரத்தச் சிவப்பையே காணோமே?
– கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி

பதில்: கண் கூர்மை. கொக்கின் கன்னத்தைத் தூரிகை தொடவில்லை. சிவக்க வைத்தது முதலை.

முதலையின் பச்சை, குரோமியம் ஆக்சைடு. கொக்கின் வெள்ளை, வெள்ளீய ஆக்சைடு. சூளையின் உச்சச் சூட்டில் குரோமியத்தில் மிகச் சிறு பங்கு ஆவியாகிப் பறக்கும். அருகில் வெள்ளீய வெள்ளை இருந்தால் அதில் போய்ப் படிந்து இளஞ்சிவப்பாகிவிடும். வெள்ளைத் தட்டு செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. பச்சைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்த தட்டு ஒருபுறம் ரோஜா நிறத்தில் வெளியே வந்து நிற்கும். அந்தத் தலைவலியை நான் விலைக்கு விற்கிறேன். முதலையின் மூக்கையும் கொக்கின் கன்னத்தையும் விரல் இடைவெளியில் எதிரெதிராக வைத்துச் சுடுகிறேன். முதலையைப் பார்க்கும் பக்கம் மட்டும் சிவக்கும். மறு பக்கம் வெள்ளையாகவே இருக்கும். நடுவில் ஒரு உடைந்த சூளைத் தட்டை நிறுத்தினால் நாணம் போயிற்று. வெள்ளீயம் விலை அதிகம் என்று சிர்க்கோனியம் வெள்ளையைப் பூசினாலும் இந்த வேடிக்கை நடக்காது. வெள்ளீயம்தான் வேண்டும்.

ரத்தச் சிவப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று செம்பு. சூளைக்குள் காற்று போதாமல் தீ மூச்சுத் திணறும்போது செம்பு பச்சையை விட்டுவிட்டுச் சிவப்பாகும். சீனக் குயவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கைவசப்படுத்தியவர்கள். என்னுடையது மின்சூளை. அதில் காற்றைக் குறைத்தால் கம்பிச்சுருளுக்கு ஆயுள் போய்விடும். மற்றது காட்மியம்-செலினியம் சாயம். சூட்டில் கருகாமல் இருக்க அதைச் சிர்க்கான் படிகத்துக்குள் அடைத்து விற்கிறார்கள். விலை அதிகம். என் கொட்டகையில் அதைப் பூசிக்கொள்ளும் பாக்கியம் சேவல் கொண்டைக்கு மட்டும்தான்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் தூர்வாரிய வண்டலை எடுத்துப் பொம்மைகள் செய்து சுட்டேன். சூளையிலிருந்து எடுத்தபோது ஒரு குறையும் இல்லை. சில வாரங்கள் கழித்து அங்கங்கே சில்லு சில்லாகத் தெறித்து விழுகிறது. விழுந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. பூச்சி அரித்ததோ என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏரி மண் பொம்மைக்கு ஆகாதா?
– விவசாயி, கே.வி.குப்பம்

பதில்: சுட்ட மண்ணைப் பூச்சி அரிக்காது ஐயா. அந்த வெள்ளைப் புள்ளி சுக்கான் கல். நம் பக்கத்து ஏரிகளில், அதிலும் கரையோர மண்ணில், மிளகு அளவில் கலந்து கிடக்கும். மண் பிசையும்போது விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குக்கூடச் சிறியதாக இருக்கும். அது சுண்ணாம்புக் கல்தான். 800 டிகிரியைத் தாண்டினால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பட்டதும் எப்படிப் பொங்குகிறது! பொம்மைக்குள் புதைந்திருக்கும் துணுக்கு, காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்து அதே மாதிரி பருக்கும். இடம் போதாமல் மேல்தோலைத் தெறிக்கவிடும். அதனால்தான் சூளையிலிருந்து எடுத்த அன்றைக்குத் தெரியவில்லை.

ஏரி மண் ஆகும். பதப்படுத்த வேண்டும், அவ்வளவே. முதலில் சோதனை: நொறுக்கிய மண்ணில் வெள்ளைத் துணுக்குகளைப் பொறுக்கி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுக்கான். பிறகு மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். காயாத மண் எளிதில் கரையாது, கட்டி கட்டியாக அடியில் உட்கார்ந்துகொள்ளும். நன்கு காய்ந்த கட்டி தண்ணீர் பட்டதும் தானே பூத்து உதிரும். கலக்கிவிட்டுச் சிறிது நேரம் பொறுத்தால் மணலும் கல்லும் அடியில் தங்கும். மேலே நிற்கும் சேற்றை மட்டும் பழைய பருத்தி வேட்டியில் வடிகட்டி இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தாலும் பரவாயில்லை. துணுக்காக இருந்தால்தான் தெறிக்கும். இறுத்த சேற்றைச் சூடான தரையிலோ சுட்ட செங்கல் மேலோ பரப்பினால் இரண்டொரு நாளில் பிசையும் பதத்துக்கு வரும்.

பதம் பார்க்க எனக்கு எதிர்த்தெருக் குயவர் பெரியவர் சொல்லித் தந்த வழி: மண்ணை விரல் தடிமனில் திரித்து, ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விழுந்தால் மணல் அதிகம். வழவழவென்று வளைந்து கையில் அப்பிக்கொண்டால் களி அதிகம்; காயும்போது பிளக்கும், கொஞ்சம் ஆற்று மணல் சலித்துச் சேர்க்க வேண்டும். அவர் இதையெல்லாம் காலால் மிதிக்கும்போதே சொல்லிவிடுவார். நான் இன்றும் விரலில் சுற்றித்தான் பார்க்கிறேன்.

ஏற்கெனவே செய்து, இன்னும் சுடாமல் வைத்திருக்கும் பொம்மைகளையும் காப்பாற்றலாம். அடுத்த முறை சூளையிலிருந்து எடுத்து, கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும், தண்ணீர்த் தொட்டியில் முழுக முக்கி வையுங்கள். சுண்ணாம்பு அங்கேயே நீர்த்துக் குழைந்து தன் வேகத்தைத் தீர்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏரி மண்ணில் இரும்பு நிறைய உண்டு. 950, 1,000 டிகிரிக்கு அழகான செம்மண் நிறம் தரும். என் கிளேஸைப் பார்த்து ஆசைப்பட்டு 1,200-க்கு ஏற்றினால் பொம்மை உப்பி, உருகி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான் வாங்குவது வேறு களி. வண்டல் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அனுமதி பெற 2024-இல் அரசு வழி செய்திருக்கிறது. கடிதம் கையில் இல்லாமல் டிராக்டரை இறக்காதீர்கள்.

கேள்வி: முதலை உருவத்தில் ஒரு கெண்டி, விலை 2,800 ரூபாய் என்று எழுதி வைத்திருந்தீர்கள். அதில் தேநீர் ஊற்றக் கூடாது என்றும் ஒரு அட்டை! நம் ஊர்க் குயவர் தண்ணீர்ப்பானையை 200 ரூபாய்க்குத் தருகிறார். பயனே இல்லாத கோமாளிப் பொருளுக்கு இந்த விலை நியாயமா? இது நம் மரபும் அல்லவே!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்

பதில்: வணக்கம் ஐயா. விலையில் அநியாயம் இருக்கிறதுதான். ஆனால் அது 200 ரூபாய் பக்கம் இருக்கிறது. மண் எடுத்து, மிதித்து, வனைந்து, தட்டி, காயவைத்து, விறகு வாங்கிச் சுட்டு, உடைந்தது போக மிச்சத்தை வண்டியில் ஏற்றி வந்து நிற்கிற ஒருவரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசுகிறோம். என் விலை அதிகம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு அவருடைய விலையை அளவுகோலாக வைக்காதீர்கள்.

என் கணக்கையும் சொல்கிறேன். சூளை ஒரு முறை உச்சிக்குப் போய் வர 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பிடிக்கும்; ஒவ்வொரு பொம்மைக்கும் இரண்டு முறை. மண் காயும்போதும் வேகும்போதும் எட்டில் ஒரு பங்கு வரை சுருங்கும். கெண்டியின் மூடியையும் உடலையும் ஒரே நாளில், ஒரே மண்ணில் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தே காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி வாய்க்குள் விழும், அல்லது தொப்பி மாதிரி மேலே நிற்கும். பானையில் இந்தத் தொல்லை இல்லை. அது எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்குகிறது. முதலைக்கு வயிறு தடிமன், வால் மெல்லிசு, பல் அதைவிட மெல்லிசு. வால் முந்திக் காய்ந்து இழுக்கும், வயிறு விடாது, நடுவில் பிளக்கும். வாலை ஈரத் துணியில் சுற்றி, வயிற்றைத் திறந்து போட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் காயவைக்கிற வேலைக்குத்தான் நீங்கள் பணம் தருகிறீர்கள். கோமாளித்தனம் இலவசம்.

மரபு பற்றிக் கேட்டீர்கள். திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, புதிய கற்கால மக்கள் புழங்கிய சாம்பல் நிறப் பாண்டங்கள் கிடைத்தன. சமைக்கவும் சேமிக்கவும் செய்தவை. அது ஒரு மரபு, மறுக்கவில்லை. ஆனால் நம் கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நின்று ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் விரிந்த பூவைச் சுற்றிக் கிளிகள் தொங்குகின்றன. அந்தக் கிளிகள் எந்தக் கூரையைத் தாங்குகின்றன? தூணில் பாயும் யாளிக்கு எந்தக் காட்டில் இடம்? கல்லில் செய்தால் சிற்பம், மண்ணில் செய்தால் கோமாளித்தனமா? ஊர் எல்லையில் ஐயனாருக்கு ஆள் உயரக் குதிரை சுட்டு நிறுத்துகிற குயவரிடம் போய், இதில் யார் ஏறிப் போவது என்று நாம் கேட்டதில்லை. கொலுவில் செட்டியார் பொம்மையிடம் அரிசி விலை கேட்டதும் இல்லை.

வேலூரைப் பற்றிய பழைய கிண்டல் உங்களுக்கு நினைவிருக்கும்: ஆற்றில் நீர் இல்லை, மலையில் மரம் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை, கோயிலில் சாமி இல்லை. 1981-இல் சுவாமி கோட்டைக்குள் திரும்பி வந்ததோடு கடைசி இல்லை தீர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கும் மூன்றையும் மூடி போட்ட ஜாடிகளாகச் செய்து வைத்திருக்கிறேன். மலை ஜாடி வெறும் பாறை. மூடியின் பிடி மட்டும் ஒற்றைக் குட்டி மரம். கோட்டை ஜாடிக்குள் காலியாக ஒரு நாற்காலி. பாலாற்று ஜாடி வெளியே முழுக்க மணல் நிறம், கிளேஸே கிடையாது, தொட்டால் சொரசொரக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே மட்டும் நீலம். அதை வாங்கிப் போனவர்கள் உள்ளே எதையும் போட்டு வைப்பதில்லை என்று சொல்கிறார்கள். ஒருநாள் கொட்டகைக்கு வாருங்கள் ஐயா. விலை கேட்காமல் திறந்து பார்க்கலாம்.

கேள்வி: கைக்கு அடக்கமான யானைப் பொம்மை. பத்து நாள் காயவைத்தேன். சூளையில் படாரென்று வெடித்து, பக்கத்தில் இருந்த விளக்குகளையும் உடைத்துவிட்டது. மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்கிறார்கள். உண்மையா?
– கைவினை ஆசிரியை, ஆம்பூர்

பதில்: காற்றின் மேல் பழி போடாதவர்கள் இல்லை. உண்மையான குற்றவாளி தண்ணீர். நீராக இருக்கும்போது அடங்கிக் கிடப்பது, நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மேல்தோல் காய்ந்து வெளுத்துவிட்டது என்று நம்பிச் சூளையில் வைக்கிறோம். கட்டியான யானையின் வயிற்றில் ஈரம் அப்படியே இருக்கும். ஆம்பூர் வெயில் வெளித்தோலை மட்டும் வேகமாகக் காயவைத்து நம்மை ஏமாற்றும்.

யானையைக் கட்டியாகச் செய்யாதீர்கள். பாதி காய்ந்த பதத்தில் கம்பியால் இரண்டாக அறுத்து, கரண்டியால் உள்ளே குடைந்து, சுண்டுவிரல் தடிமனுக்குச் சுவர் விட்டு, மண் குழம்பு தடவி மறுபடி ஒட்டுங்கள். அடியில் ஊசித் துளை ஒன்று போடுங்கள். காய்ந்ததா என்று அறிய வயிற்றைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். சூளையில் 100 டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் நிறுத்தி, மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். கண்ணாடித் துண்டை மூடி இடுக்கில் காட்டினால் ஆவி படியும். படிவது நின்ற பிறகு ஏற்றுங்கள். 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் திடீரென்று அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். அங்கே அவசரப்பட்டால் வெடிக்காது, மயிரிழை விரிசல் விழும்.

கேள்வி: வண்ண வண்ணக் கிண்ணங்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் தயிர், ஊறுகாய் வைக்கலாமா?
– இல்லத்தரசி, ராணிப்பேட்டை

பதில்: யார் செய்தது, என்ன பூச்சு என்று தெரியாத வண்ணக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். மலிவான பளபளப்புக்கு எளிய வழி ஈயம்; கொக்குக்குப் பூசும் வெள்ளீயம் அல்ல, காரீயம். குறைந்த சூட்டில் உருகும், வண்ணத்தைத் தூக்கிக் காட்டும். புளிப்பு பட்டால் கசிந்து சாப்பாட்டில் இறங்கும். அதோடு செம்புப் பச்சையும் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகமாகக் கசியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற உலோகம் அது. கிண்ணத்தில் வினிகர் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். ஊற்றிய இடத்தில் பளபளப்பு மங்கினாலோ நிறம் மாறினாலோ அது பூங்கொத்து வைக்கத்தான் லாயக்கு. மங்காவிட்டால் ஈயம் இல்லை என்று அர்த்தமாகிவிடாது. அதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அங்கும் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்துத்தான் அளக்கிறார்கள்.

மேலே பழுப்பும் கீழே வெண்ணெய் நிறமுமாக இருக்கும் பழைய ஊறுகாய் ஜாடி வீட்டில் இருந்தால் அதை விடாதீர்கள். அதிகச் சூட்டில் வெந்த கெட்டி மண், எளிய பூச்சு. உங்கள் ஊருக்குப் பீங்கான் புதிதல்லவே. 1952-இல் பாரி நிறுவனம் கழிவறைப் பீங்கான் செய்யத் தொடங்கியது ராணிப்பேட்டையில்தான். என் பொம்மைகளில் ஈயம் கிடையாது. இருந்தாலும் சாப்பாட்டுக்கு அல்ல என்று அட்டை வைக்கிறேன், ஏனென்றால் முதலையின் பல் இடுக்கில் பால் தங்கினால் யார் கழுவுவது?

கேள்வி: முள் கத்திரிக்காய்ப் பொம்மை வாங்க ஆசை. கூரியரில் முள் உடையாமல் வருமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: வரும். இலவம்பாடிக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். முள் இல்லாமல் அனுப்பினால் சண்டைக்கு வருவார்கள். காகிதக் கூழில் அதே வடிவத்துக்கு அச்சு எடுத்து, அதில் படுக்கவைத்து, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாகக் கட்டுகிறேன். நீங்களே அனுப்புவதானால், வெளியே வைக்கோல் திணிப்பதோடு நில்லாமல் பாத்திரத்தின் உள்ளேயும் காகிதம் திணியுங்கள். பெட்டியைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் மறுபடி பிரித்துக் கட்டுங்கள்.

கேள்வி: வயது 45. இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள ஆசை. திகிரி (குயவர் சக்கரம்) வாங்க வேண்டுமா? எங்கே கற்கலாம்?
– அரசு ஊழியர், வாணியம்பாடி

பதில்: திகிரி இப்போது வேண்டாம். முதலை, கொக்கு, கத்திரிக்காய் எதுவும் திகிரியில் பிறந்ததல்ல. கட்டை விரலால் அழுத்திக் குழித்தல், மண் கயிறு திரித்து அடுக்குதல், பலகையாகத் தட்டி வெட்டி ஒட்டுதல், இந்த மூன்றும் கைக்கு வந்தால் போதும்.

முறையாகப் படிக்க விருத்தாசலத்தில் அரசுப் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்தான் அந்த ஊரைப் பீங்கான் ஊராக்கியது. ஆனால் அது பட்டயப் படிப்பு, பள்ளி முடித்த பிள்ளைகளுக்கானது. உங்களுக்குப் புதுச்சேரிப் பக்கம் பொருந்தும். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்களும் அந்த மாணவர்களிடம் கற்றவர்களுமாக, புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பல கூடங்கள் நடக்கின்றன. வாரக்கடைசி வகுப்பு வைப்பவர்களும் இருக்கிறார்கள். சேருவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: சூளை அடுக்கும்போதும் திறக்கும்போதும் கூட நிற்க விடுவீர்களா என்று. பொம்மையை மட்டும் செய்யவைத்து, சுட்டுக் கூரியரில் அனுப்புகிற இடத்தில் பாதிதான் கற்க முடியும்.

அதற்கு முன், உங்கள் ஊர்ப் பக்கம் பானை செய்கிறவர் யாராவது இருந்தால் ஒரு காலைப் பொழுது அங்கே உட்காருங்கள். மண் மிதிக்க இடம் கொடுத்தால் மிதியுங்கள். கூலி கொடுக்கவும் மறக்காதீர்கள். அது அவருடைய வேலை நேரம்.

கேள்வி: அத்தை, நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். நீங்கள் செய்யும் முதலைக்குப் பல் எப்படி வைக்கிறீர்கள்? பச்சை பெயிண்ட் பல்லில் படாதா?
– மாணவன், ஆற்காடு

பதில்: தம்பி, சரியான இடத்தில் பிடித்துவிட்டாய். மண்ணில் பட்டாணி அளவு கிள்ளி, உள்ளங்கையில் வைத்து ஒரு பக்கம் மட்டும் உருட்டினால் கூம்பாக வரும். அதுதான் பல். தாடையில் பழைய பல் துலக்கியால் கீறி, மண் குழம்பு ஒரு சொட்டு வைத்து, பல்லை லேசாகத் திருகி ஒட்ட வேண்டும். கீறாமல் ஒட்டினால் காயும்போது உதிர்ந்துவிடும், பொக்கை வாய் முதலையாகிவிடும்.

முதல் சூளை முடிந்ததும் பல்லுக்கு வெள்ளைக் கிளேஸ் வைக்கிறேன். அது காய்ந்த பிறகு, மெழுகுவர்த்தியை உருக்கி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பல்லின் மேலும் பூசுகிறேன். அப்புறம் முதலையைத் தலைகீழாகப் பிடித்துப் பச்சை வாளியில் முக்கினாலும் மெழுகின் மேல் பச்சை நிற்காது, உருண்டு விழுந்துவிடும். ஒன்றிரண்டு சொட்டு தங்கினால் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். சூளையில் மெழுகு எரிந்து போகும், வெள்ளைப் பல் தெரியும். வயிற்றின் அடியில் மட்டும் கிளேஸை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலை சூளைத் தட்டைக் கடித்துக்கொள்ளும், எடுத்தால் வராது.

நீயும் செய்து பார். மெழுகு உருக்கும்போது மட்டும் வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கோட்டை அகழியில் இப்போது முதலை இல்லை; அப்பாவிடம் சொல்லி சாத்தனூர் அணை முதலைப் பண்ணைக்குப் போ. முதலை வாயை மூடியிருந்தாலும் கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே நீட்டிக்கொண்டு தெரியும். அந்த ஒரு பல்லுக்கு மட்டும் பட்டாணி போதாது. கொண்டைக்கடலை அளவு எடுத்துக்கொள்.